பதினொரு பேர், ஒரு போன்

அரண்மனை அருங்காட்சியகங்களை நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். எனக்கு 69, வீட்டம்மாவுக்கு 65. காலையில் சில்வர் பீச்சில் நடக்கிற கூட்டம் ஒன்று எங்களுடையது, பதினொரு பேர், எல்லோருமே ரிடையர் ஆனவர்கள், வருடத்துக்கு இரண்டு தடவை வேன் பிடித்து எங்கேயாவது கிளம்பிவிடுவோம். கோயில்கள் ஓரளவு பார்த்தாயிற்று, இப்போது அரண்மனைகள். தஞ்சாவூர், மைசூர், பத்மநாபபுரம் மூன்றும் முடிந்தது. போன மாதம் போன அரண்மனையின் பேரை மட்டும் எழுதப் போவதில்லை. கவுண்டரில் இருந்த பெண் மேல் தப்பில்லை, அவருக்கு ஏதாவது ஆனால் எனக்குத் தூக்கம் வராது.

கவுண்டர் என்றா சொன்னேன்? ஜன்னல் இருந்தது, உள்ளே ஆளும் இருந்தார், ஆனால் காசு வாங்க மாட்டார். கண்ணாடியில் ஓரம் பிய்ந்துபோன ஒரு கியூஆர் ஸ்டிக்கர். "ஸ்கேன் பண்ணி நீங்களே போட்டுக்கோங்க ஐயா." சரி என்று மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு வெயிலில் நின்றபடி ஆரம்பித்தேன். ஒவ்வொருவருக்கும் பேர், வயது, அடையாள அட்டை எண். ஒன்பதாவது ஆளின் ஆதார் எந்தப் பையில் இருக்கிறது என்று அவர் மனைவி துழாவிக்கொண்டிருக்கும்போதே நேரம் முடிந்துவிட்டது, மறுபடி முதலிலிருந்து வா என்கிறது போன். இரண்டாவது தடவை பணம் கட்டுகிற இடம்வரை போய்விட்டேன். ஓடிபி மகள் நம்பருக்குப் போகிறது, அவள் சென்னையில் மீட்டிங்கில் இருக்கிறாள்.

பின்னால் நின்ற ஒரு காலேஜ் பையன்தான், "குடுங்க தாத்தா, நான் போடுறேன்" என்று அவன் போனில் போட்டு, எங்களிடம் ரொக்கமாக வாங்கிக்கொண்டான். அதோடு முடிந்ததா என்றால் இல்லை. பதினொரு டிக்கெட்டும் அவன் போனில். வாசலில் ஒவ்வொன்றாக ஸ்கேன். எங்களில் ஒருவர் பாத்ரூம் போயிருந்தார், பிராஸ்டேட் ஆபரேஷன் ஆனவர், போனால் வர நேரமாகும். அவர் திரும்பி வரும்வரை அந்தப் பிள்ளை தன் சிநேகிதர்களை உள்ளே அனுப்பிவிட்டு, போனைக் கையில் பிடித்துக்கொண்டு, எங்களுக்குக் காவல் மாதிரி வாசலிலேயே நின்றான்.

எங்கள் ஊர் செயின்ட் டேவிட் கோட்டையை வெள்ளைக்காரன் 1690-ல் மராத்தியரிடம் விலைக்கு வாங்கினான். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு விழுந்த இடம்வரை அவனுக்கு என்று பேச்சு. அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பேர். ஒரு கோட்டையையே அவ்வளவு லேசாக வாங்கியிருக்கிறார்கள், எங்களால் ஒரு டிக்கெட் வாங்க முடியவில்லை.

சலுகை கேட்டு இதை எழுதவில்லை. ரயிலில் ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 சதவீதம் என்று இருந்ததை 2020 மார்ச்சில் எடுத்தார்கள், இன்னும் வரவில்லை, அது வேறு கதை. என் ஆதங்கம் வேறு. மத்தியத் தொல்லியல் துறை இடங்களில் ஆன்லைனில் எடுத்தால் 5 ரூபாய் குறைவு. 5 ரூபாய் பெரிய காசில்லை. ஆனால் போன் தெரிந்தவனுக்குக் குறைவு, தெரியாத கிழவனுக்கு முழு விலை என்றால் கணக்கு தலைகீழாக இல்லையா? போகட்டும், அங்கே ரொக்கம் கொடுக்கவாவது வழி இருந்தது. நாங்கள் போன இடத்தில் முழு விலை கொடுக்கிறேன் என்று சொன்னாலும் வாங்க ஆளில்லை.

இன்னொன்று. டிக்கெட் எடுக்கும்போதே மாடிக்கு எத்தனை படி என்று சொல்லிவிடுங்கள். பத்மநாபபுரத்தில் மரப்படிகள் குறுகல், செங்குத்து, அந்தக் காலத்து மனிதர்கள் அப்படிக் கட்டினார்கள், அதை இடித்து லிஃப்ட் வையுங்கள் என்று எவனும் கேட்க மாட்டான். ஒரு போர்டு போதும். போன மாதம் போன இடத்தில் எங்கள் நாலு பேர் பாதி அரண்மனையைப் பார்க்காமலே கீழே நின்றுவிட்டார்கள். அந்தக் கூடத்தில் உட்கார ஒரே நாற்காலி, அதுவும் செக்யூரிட்டியுடையது. அவர் எழுந்து என் மனைவிக்குக் கொடுத்தார், அவருக்கே அறுபது இருக்கும்.

ஆகவே, ரொக்கம் வாங்குகிற ஒரு ஜன்னல். கூட்டமாக வந்தால் ஒருவர் பேரும் தலை எண்ணிக்கையும் போதும் என்று ஒரு ஏற்பாடு. கையில் கிழித்துக் கொடுக்கிற ஒரு சீட்டு, பாத்ரூம் போய்விட்டு வந்து அவரவர் தாமே காட்டிக்கொள்ள.

எங்கள் வருகை எப்படி இருந்தது, எத்தனை ஸ்டார் என்று கேட்டு நீங்கள் மெசேஜ் அனுப்பியிருப்பீர்கள். அது அந்தப் பையன் போனுக்குத்தான் போயிருக்கும். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

இப்படிக்கு,
பதினொரு பேரில் ஒருவன், கடலூர்