மண் பூசித் தோய்ச்சல் போட்டது என்று விற்ற கட்டானா வாள் – பணத்தைத் திருப்பிக் கேட்டுப் புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர், கோயம்புத்தூர்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
சேகரிப்புப் பொருள் விற்பனை நிறுவனம்.

ஐயா / அம்மா, வணக்கம்.

கடந்த மாதம் 9ஆம் தேதி உங்கள் தளத்தில் ரூ. 16,500 கட்டி ஒரு கட்டானா, அதாவது ஜப்பானிய பாணி நீள வாள், வாங்கினேன். கூர் தீட்டாத அலங்கார வாள். டி10 என்ற உயர் கார்பன் எஃகு, மண் பூசித் தோய்ச்சல் போட்டது (பழுக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிர்வித்து இறுக்கியது), அசல் ஹாமோன் (விளிம்போரம் ஓடும் அலைக்கோடு), கைப்பிடிக்குள் கடைசி வரை ஓடும் ஒரே துண்டு எஃகு, திருக்கைத் தோல் சுற்றிய பிடி என்று விளம்பரத்தில் எழுதியிருந்தீர்கள். வீட்டுக்கு வந்த வாளில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

உண்மையான ஜப்பானிய வாள் இந்த விலைக்கு வராது என்று எனக்குத் தெரியும். ஜப்பானில் வாள் செய்யும் உரிமம் பெற ஐந்து வருடமாவது ஒரு கொல்லரிடம் தொழில் பழக வேண்டும். உரிமம் வாங்கிய பிறகும் மாதத்துக்கு இரண்டு நீள வாள்தான் செய்யலாம். அதை நான் உங்களிடம் எதிர்பார்க்கவில்லை. சீனாவின் லாங்ச்வான் ஊரில் செய்த பிரதி என்று நீங்களே சொல்லியிருந்தீர்கள். சரி, அங்கேயும் மண் பூசி முறையாகத் தோய்ச்சல் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அப்படி ஒன்று கிடைத்தால் போதும் என்றுதான் வாங்கினேன்.

நான் 22 வருடமாக, எஃகைக் காய்ச்சிக் குளிர்வித்துப் பதப்படுத்தும் ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறையில் வேலை செய்கிறேன். ஹாமோன் என்பது எனக்கு அழகுக் கோடு மட்டும் இல்லை. வாளின் முதுகில் மண்ணைக் கனமாகவும் விளிம்பில் மெல்லிசாகவும் பூசி, பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் இறக்குவார்கள். விளிம்பு சட்டென்று குளிர்ந்து, மார்ட்டன்சைட் என்கிற மிகக் கடினமான எஃகு அமைப்பாக இறுகும். முதுகு மெதுவாகக் குளிர்ந்து இளக்கமாகவே நிற்கும். இறுகிய பக்கம் கொஞ்சம் பருத்துவிடுவதால் வாள் தண்ணீருக்குள்ளேயே முதுகுப் பக்கம் வளையும். இறுக்கமும் இளக்கமும் சந்திக்கும் எல்லைதான் ஹாமோன். நாங்கள் தெர்மோகப்பிள் என்ற வெப்பமானி வைத்துச் செய்கிற வேலையை, ஜப்பானின் காமாகுரா காலத்துக் கொல்லர்கள் 700 வருடத்துக்கு முன்பே நெருப்பின் நிறத்தைக் கண்ணால் பார்த்துச் செய்தார்கள். அந்தக் கோட்டை ஒருமுறை கையில் வைத்து, விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும் என்பது என் பல வருட ஆசை. அதற்காகவே ஒரு வருடம் பணம் சேர்த்தேன்.

உறையிலிருந்து எடுத்துப் பார்த்த முதல் நிமிடமே சந்தேகம் வந்தது. அசல் ஹாமோனில் இரண்டு அலை ஒரே மாதிரி இருக்காது. வெளிச்சத்தைச் சாய்த்தால் அந்த எல்லையில் மூடுபனி போல ஒரு வெண்மையும் பொடிப்பொடியான மினுக்கமும் தெரியும். இந்த வாளில் எப்படித் திருப்பினாலும் ஒரே மங்கல் வெள்ளை. ஸ்கேல் வைத்து அளந்தேன்: நுனியிலிருந்து பிடி வரை 22 மில்லிமீட்டருக்கு ஓர் அலை, பிசகே இல்லை. பித்தளை விளக்கு துடைக்கிற பாலிஷைத் துணியில் தொட்டு, பிடிக்குப் பக்கத்தில் இரண்டு விரல் அகலத்துக்குத் தேய்த்தேன். பத்துப் பதினைந்து தேய்ப்பில் கோடு காணாமல் போனது. வெறும் பளபளப்பு மட்டும் மிச்சம். ஆசிட் வைத்துப் போட்ட கோடு அது. படம் இணைத்திருக்கிறேன்.

இதோடு போயிருந்தால் ஏமாந்தேன் என்று விட்டிருப்பேனோ என்னவோ. ஆனால் அடுத்து நடந்ததை விட முடியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் வந்திருந்தான், 16 வயது. வாளை வாங்கிக் கிடையாக நீட்டிப் பிடித்தவன், "மாமா, உள்ளே ஏதோ ஆடுது" என்றான். சொல்லி முடிப்பதற்குள் வாள் பிடியிலிருந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவன் வீசவில்லை, எதையும் வெட்டவில்லை, சும்மா பிடித்திருந்தான். என் சின்ன மகள் எதிரே தரையில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தாள். உடனே கீழே வைக்கச் சொன்னேன்.

பிறகு பிடியைக் கழற்றினேன். கட்டானாவின் எஃகு பிடிக்குள்ளும் ஒரே துண்டாகப் போக வேண்டும். அதன் ஓட்டையில் செருகிய மூங்கில் ஆணிதான் பிடியையும் வாளையும் சேர்த்து நிறுத்தும். இதில் மூங்கில் ஆணி என்று வெளியே தெரிந்தது மேலே ஒட்டிய சின்னப் பொட்டு. எஃகு மூன்று அங்குலத்திலேயே முடிந்துவிட்டது. அதன் முனையில் 8 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு கம்பியை வெல்டிங் வைத்து, பிடியின் அடியில் நட் போட்டு முறுக்கியிருக்கிறார்கள். வெல்டிங் பாதிக்கு மேல் விரிசல் விட்டு, துரு ஏறியிருக்கிறது. அதாவது எங்களிடம் வருவதற்கு முன்பே விட்டுப்போன வெல்டிங். ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள வாள் அந்த மிச்சத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. திருக்கைத் தோல் என்றது புள்ளி அச்சிட்ட பிளாஸ்டிக். மூன்று அங்குலத் துண்டின் முனையைப் பட்டறைக் கிரைண்டரில் தொட்டுப் பார்த்தேன். டி10 போன்ற உயர் கார்பன் எஃகுக்குப் பூ மாதிரி வெடித்துச் சிதற வேண்டிய பொறி, குட்டையாக நாலு கோடாக வந்து நின்றது. ஸ்டெயின்லெஸ்தான்.

உங்கள் வாடிக்கையாளர் சேவைக்கு மூன்று முறை பேசினேன். முதலில் "அலங்காரப் பொருள்தானே சார், சுவரில் மாட்டத்தானே" என்றார்கள். அப்புறம், பிடியைக் கழற்றிவிட்டதால் திருப்பி எடுக்க முடியாது என்றார்கள். அலங்காரப் பொருள் என்றால் எஃகின் பெயரை மாற்றிச் சொல்லலாமா? ஸ்டெயின்லெஸ், ஆசிட் கோடு என்று எழுதி மூவாயிரம் ரூபாய்க்கு விற்றிருந்தால் நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன், வாங்கியிருக்கவும் மாட்டேன். பிடியைக் கழற்றியதும் அது ஆடியதால்தான். கழற்றும் முன்பு எடுத்த காணொளியில் அந்த ஆட்டம் தெளிவாகத் தெரிகிறது.

முழுத் தொகை ரூ. 16,500 எனக்குத் திரும்ப வேண்டும். திருப்பி அனுப்பும் கூரியர் செலவு உங்களுடையது. தளத்திலுள்ள விவரங்களைத் திருத்துங்கள். அதைவிட அவசரமானது, இதே மாடலை வாங்கிய எல்லோருக்கும், பிடி விட்டுப்போகக்கூடும், கையில் எடுக்க வேண்டாம் என்று உடனே செய்தி அனுப்புங்கள். என் பணம் பத்து நாள் தாமதமானாலும் பரவாயில்லை, அந்தச் செய்தி இன்றே போக வேண்டும்.

2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி இந்தப் புகாரைப் பெற்றதாக 48 மணி நேரத்தில் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் நீங்கள் தீர்வு தர வேண்டும். தராவிட்டால் 1915 உதவி எண்ணிலும், மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடுவேன். நான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது.

வாளையும் கழற்றிய பாகங்களையும் அதே பெட்டியில் கட்டி, பரணில் வைத்திருக்கிறேன். எடுக்க வருகிற கூரியர் ஊழியரிடம் பெட்டியைத் தட்டையாகப் பிடிக்கச் சொல்லுங்கள். உள்ளே வாளும் பிடியும் தனித்தனியாக இருக்கின்றன.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்.

இணைப்பு: ரசீது, விளம்பரப் பக்கத்தின் படம், வாளின் படங்கள் 9, காணொளி 1.