குப்பியில் பிழைத்த கரும்பு என் வயலிலும் பிழைக்குமா?

உவர் நிலத்துக்கான கரும்பை ஆய்வகக் குப்பியில் தேர்ந்தெடுக்கும் விஞ்ஞானிகளுக்கு, வணக்கம்.

கடலூர் மாவட்டக் கரையோரத்தில் மூன்று ஏக்கர் கரும்பு வைத்திருக்கிறேன். சித்திரை வெயிலில் பாரின் முகட்டில் வெள்ளையாக உப்புப் பூக்கும். வழித்து நாக்கில் வைத்தால் கரிக்கும். அந்தத் திட்டில் நட்ட கரணையில் (விதைக் கரும்புத் துண்டில்) பாதி முளைப்பதில்லை. முளைத்ததும் தூர் கட்டாமல், கணுக்கள் நெருங்கி, இலை நுனி கருகி நிற்கும். அந்தக் கரும்பில் காய்ச்சிய வெல்லமும் லேசாகக் கரிக்கிறது, மழைக்காலத்தில் கசிகிறது.

மண் சாற்றின் மின்கடத்துத் திறன் (உப்பளவைக் காட்டும் எண்) மீட்டருக்கு 1.7 டெசிசைமனைத் தாண்டினால் கரும்பு விளைச்சல் சரியத் தொடங்கும், அதற்குமேல் ஒவ்வோர் அலகுக்கும் ஏறக்குறைய 6 விழுக்காடு போகும் என்பது உங்கள் கணக்கு. என் மண் பரிசோதனை அட்டையில் 4 என்று எழுதியிருக்கிறது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நாற்று விற்பவர் ஒருவர், "திசு வளர்ப்பு நாற்று, உப்பைத் தாங்கும்" என்றார். நம்பி வாங்கினேன். நல்ல மண்ணில் நோயின்றிச் செழித்தது. திட்டில் பழைய கதைதான். பிறகுதான் விளங்கியது: குருத்து நுனியிலிருந்து எடுக்கும் நாற்று தாயின் அச்சு. நோய் நீங்கும், குணம் மாறாது. கோ 86032 ரகம் கேட்டேன், கோ 86032தான் வந்தது.

உப்பைத் தாங்கும் செடிக்கு வழி வேறு. இளங்குருத்து இலையை நறுக்கி, 2,4-டி கலந்த ஊடகத்தில் (நாங்கள் களைக்குத் தெளிக்கும் அதே மருந்து!) செல் திரளாக வளர்த்து, உப்பைப் படிப்படியாகக் கூட்டி, மிஞ்சியதிலிருந்து செடி எடுக்கிறீர்கள். திசுவிலிருந்து புது ரகம் வராது என்று நான் சொல்லவில்லை. கடலூரில் உருவான கோசி 671 ரகத்தின் திசுவில் பிறந்த கோ 94012 மகாராஷ்டிரத்தில் பயிரானதே. ஆனால் உப்பு விஷயத்தில் எனக்கு ஐயம் உண்டு. குப்பியில் செல் உப்புக்குப் பழகிப்போகிறது. அந்தப் பழக்கம் செடியிலும் கரணையிலும் நிற்குமா? வயலில் சோடியத்தை வாசலிலேயே மறிக்க வேண்டியது வேர். குப்பிச் செல்லுக்கு வேர் ஏது? குப்பியில் இருப்பது வெறும் சமையல் உப்பு. என் மண்ணில் சல்பேட்டும் உண்டு, கோடையில் வறட்சி, ஐப்பசியில் தேங்கும் தண்ணீர். திருச்சிப் பக்கத்தில் சோடியம் ஏறி இறுகிய களர் நிலமோ வேறு நோய். அங்கே ஜிப்சம் கேட்கும் மண்.

ஆகவே ஆய்வக எண்ணிக்கையோடு நிறுத்தாதீர்கள். தேர்ந்த செடிகளை விவசாயியின் உவர் திட்டிலேயே நட்டு, இரண்டாம் மறுதாம்பு (வெட்டிய கட்டையில் மீண்டும் துளிர்க்கும் பயிர்) வரை பாருங்கள். நடவுப் பயிரில் தெரியாத குறை கட்டைக் கரும்பில்தான் முகம் காட்டும். எடையோடு சாற்றின் சோடியத்தையும் குளோரைடையும் அளந்து சொல்லுங்கள். உப்பு ஏறிய சாற்றில் சர்க்கரை சரியாகப் படிவதில்லை. விற்பனைக்கு வரும் நாற்றுத் தட்டில், இது நோயற்ற நாற்றா, உப்புக்குத் தேர்ந்ததா என்று தமிழில் அச்சிடச் செய்யுங்கள்.

என் அரை ஏக்கர் திட்டைத் தருகிறேன். வாடகை வேண்டாம். போர் தண்ணீரின் உப்பளவை மாதம் தவறாமல் குறித்து வைப்பேன். பக்கத்திலேயே வழக்கமான கரணையையும் நடுவோம், ஒப்பிட வசதியாக இருக்கும். தை நடவுக்கு வருவதாக இருந்தால் மார்கழிக்குள் சொல்லுங்கள், பார் பிடித்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
கடலூர் மாவட்டக் கரும்பு விவசாயி