டிக்கெட் வந்து சேர்ந்தது, அம்மிணி

கோபி
18.1.2022

அம்மிணிக்கு அப்பா எழுதுவது.

நீ அனுப்பிய டிக்கெட் வந்து சேர்ந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரும்பத் திரும்பப் படித்தேன். உன் பேரும் பாப்பா பேரும் எழுத்துப் பிசகாமல் இருக்கிறது. சரி. போனில் பேசலாம் என்றால் உங்கம்மா பாதியில் பிடுங்கிக்கொள்கிறாள். அதனால்தான் தாளில் எழுதி போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

முதலில் கொரோனா பரிசோதனை. கிளம்புவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டிபிசிஆர் நெகட்டிவ் சான்று வேண்டும். அங்கே இங்கிலாந்தில் அரசாங்க சுகாதார சேவையான என்ஹெச்எஸ்ஸில் இலவசமாக எடுப்பது பிரயாணத்துக்குச் செல்லாது, தனியாரிடம் காசு கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். சனிக்கிழமை ராத்திரி விமானத்துக்குப் புதன்கிழமையே போய் நிற்காதே, வியாழன் எடு. விமானம் தாமதமானால் மணிக்கணக்கு தாண்டிவிடும். பாப்பாவுக்கு ஆவணியில்தானே அஞ்சு முடிகிறது, அவளுக்குப் பரிசோதனை கிடையாது. ஏறும்போதும் இல்லை, இறங்கிய பிறகும் இல்லை. காய்ச்சல், சளி என்று இருந்தால்தான் எடுப்பார்கள். அதுவரை குளிரில் வெளியே விடாதே.

சான்றில் உன் பேர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கணும். பாஸ்போர்ட்டில் உன் பேருக்குப் பின்னால் இருப்பது என் பேர். கல்யாணத்தின்போது மாற்றச் சொல்லிப் பெரியவர்கள் எல்லாம் ஒரே பிடியாக நின்றார்கள், நீ மாட்டேன் என்றுவிட்டாய். எடுத்தெறிந்து பேசுகிறாள் என்று அன்றைக்கு உன்னைத் திட்டினேன். ராத்திரி உங்கம்மாவிடம் வேறு மாதிரி சொன்னேன்.

அப்புறம் ஏர் சுவிதா, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் நிரப்புகிற அரசாங்க ஆன்லைன் படிவம். பாஸ்போர்ட் நகல், பரிசோதனைச் சான்று ரெண்டையும் அதில் ஏற்ற வேண்டும். பதினாலு நாளில் எந்தெந்த நாட்டுக்குப் போனாய், இருக்கை எண் என்ன என்றெல்லாம் கேட்கும். இந்தியாவில் தங்கப்போகிற முகவரியும் கேட்கும். அதில் நம்ம வீட்டு முகவரியைப் போடு. பொள்ளாச்சி முகவரியைப் போட்டால் சுகாதாரத் துறையிலிருந்து அங்கே போய் விசாரிப்பார்கள், வீண் குழப்பம். நம்ம வீட்டையே போடு. கதவு எண் புதுசு, பழசை எழுதிவிடாதே.

இங்கிலாந்து இன்னமும் அபாயப் பட்டியலில்தான் இருக்கிறது. சென்னையில் இறங்கியதும் மறுபடி மூக்கில் குச்சி விடுவார்கள், முடிவு வரும்வரை வெளியே விடமாட்டார்கள். அதற்கும் ஏர் சுவிதாவிலேயே முன்பதிவு செய்துவிடு. ரேபிட் என்றால் விலை கூட, ஆனால் சீக்கிரம் முடியும். காசு பார்க்காதே, குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார முடியாது. கோயம்புத்தூர் விமானத்துக்கு இடையில் மூணு மணி நேரம்தான் விட்டிருக்கிறாய். பத்தாது. சாயங்காலத்துக்கு மாற்று. நான் பீளமேடு ஏர்போர்ட்டுக்கு வந்துவிடுகிறேன். ஞாயிறு முழு ஊரடங்காக இருந்தாலும் டிக்கெட்டைக் காட்டினால் விடுகிறார்கள். வியாழக்கிழமை பரிசோதனை, மறந்துவிடாதே.

இந்த மாசம் 11-ஆம் தேதியிலிருந்து வெளிநாட்டிலிருந்து யார் வந்தாலும் ஏழு நாள் வீட்டுத் தனிமை, எட்டாம் நாள் இன்னொரு பரிசோதனை. இதைக் கேட்டதும் உங்கம்மா அழுதுவிட்டாள். ரெண்டு வருஷம் கழித்து வருகிற பேத்தியைத் தொடக்கூடாதா என்கிறாள். எனக்கு அது அவ்வளவு மோசமாகப் படவில்லை. ஏழு நாளைக்கு உன் பெரியத்தை வாசல்படி ஏற முடியாது. குன்னத்தூர்க்காரர்களும் அப்படித்தான். 2020-ல் கொரோனாவுக்காக நம் தெருவுக்குத் தகரம் அடித்தபோது பால்காரர்கூட போசியைத் தகரத்துக்கு அந்தப் பக்கமே வைத்துவிட்டுப் போனார், அந்தப் பயம் இன்னும் போகவில்லை. யார் கூப்பிட்டாலும் அரசாங்க உத்தரவு என்று சொல்லிவிடுவேன். எட்டாம் நாள் முடிந்தாலும் நானாக இன்னும் ரெண்டு நாள் சேர்த்துச் சொல்லிக்கொள்வேன், யார் கணக்குப் பார்க்கப் போகிறார்கள்.

தோட்டத்துச் சாளை வீட்டை வெள்ளையடித்துவிட்டேன். கட்டில் போட்டாயிற்று. கக்கூஸுக்குப் புதுத் தாழ்ப்பாள் வைத்திருக்கிறேன், பழசு துருப்பிடித்துப் பாப்பா கையைக் கிழித்துவிடும். அங்கே நெட்டும் பிடிக்கிறது. மஞ்சள் வெட்டுக்கு ஆள் வருவார்கள், அவர்களை வாய்க்கால் பக்கமாகவே வரச் சொல்லிவிடுகிறேன். அரிசிம்பருப்பும் நெய்யும் திண்ணையில் வைத்துவிட்டு உங்கம்மா பத்தடி தள்ளி நிற்பாளாம். அவள் நிற்பாள் என்று நீ நம்புகிறாயா?

இன்றைக்குத் தைப்பூசம். 14-லிருந்து கோயிலெல்லாம் அடைப்பு, பச்சைமலை அடிவாரத்திலேயே நின்று கும்பிட்டுவிட்டு வந்தோம்.

ஒன்று சொல்லணும். கொஞ்ச நாளாக வீடியோவில் நீ சமையலறைச் சுவரை மட்டும்தான் காட்டுகிறாய். அந்த ஓட்டில் எத்தனை பூ என்று உங்கம்மா மனப்பாடமாகச் சொல்வாள். மாப்பிள்ளை ஆபீஸில் இருக்கிறார் என்கிறாய். அங்கே ஞாயிற்றுக்கிழமையும் ஆபீஸ் உண்டு போல. பத்தாவதில் கணக்கில் நூறு வாங்கியதையே மூணு நாள் கழித்துச் சொன்னவள் நீ, உன்னிடம் எதையும் கேட்டு வாங்க முடியாது என்று எனக்குத் தெரியும். கேட்கவும் இல்லை.

திரும்பிப் போக டிக்கெட் காணோம். அதற்கு அவசரம் இல்லை. இங்கிலாந்துக்குள் நுழைய, ரெண்டு ஊசியும் போட்டவர்களுக்குக் கிளம்பும் முன் பரிசோதனை வேண்டாம் என்று 7-ஆம் தேதியிலிருந்து எடுத்துவிட்டார்கள். எப்போது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

கடைசியாக ஒரு தாள். இதைத்தான் முதலில் எழுதியிருக்கணும். விவரம் கேட்க டிராவல்ஸுக்குப் போயிருந்தேன். எத்தனை பேர் என்றார், மகளும் பேத்தியும் என்றேன். குழந்தையோடு தாய் மட்டும் வருவதென்றால், தகப்பனுக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்ட கடிதம் கையில் இருப்பது நல்லது, எல்லையில் கேட்பதுண்டு என்றார். பயண தேதி, நம்ம வீட்டு முகவரி, அவருடைய போன் நம்பர் எல்லாம் அதில் இருக்கணும். பாப்பாவின் பிறப்புச் சான்றும் எடுத்துக்கொள். கடிதத்தை வியாழக்கிழமைக்கு முன்னாலேயே வாங்கிவிடு, கடைசி நேரத்துக்கு வைத்துக்கொள்ளாதே. கேட்பதற்குச் சங்கடமாக இருந்தால் சொல், மாப்பிள்ளையிடம் நான் பேசுகிறேன். காரணம் எதுவும் பேசமாட்டேன், கடிதத்தை மட்டும்தான் கேட்பேன்.

வாங்கிவிட்டேன் என்று ஒரு வரி போடு. வேறெதுவும் எழுத வேண்டாம்.

அப்பா