பவுச்சோடு கிரேடு ரிப்போர்ட்டும் அனுப்புங்கள்: அச்சக முதலாளிமார்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, சிவகாசி, கஞ்சிக்கோடு பக்கங்களில் பவுச், லேபிள், அட்டைப்பெட்டி அடித்துக் கொடுக்கும் அச்சக முதலாளிமார்கள் எல்லாருக்கும் வணக்கம்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வடுமாங்காய், எலுமிச்சை, பூண்டு ஊறுகாய் போட்டுப் பாலக்காடு, திருச்சூர், எர்ணாகுளம் கடைகளுக்கு அனுப்பும் சின்னக் கம்பெனி எங்களுடையது. போன மாதம் நடந்தது உங்களில் ஒருவருக்கு நன்றாகவே தெரியும். மற்றவர்கள் காதுக்கும் இந்நேரம் எட்டியிருக்கும். எர்ணாகுளத்துக் குடோனிலிருந்து ஒரு லாட் முழுக்கத் திரும்பி வந்தது. ஊறுகாயில் குறை இல்லை, பவுச்சில் லீக் இல்லை. பார்கோடு கவுண்டரில் படிக்கவில்லை, அவ்வளவுதான். கூடவே ஒரு டெபிட் நோட்டும் வந்தது. போக வர லாரி வாடகை, ஏற்றி இறக்கிய கூலி, அதற்கு மேல் அபராதம்.

அச்சகத்துக்குப் போன் போட்டால் கிடைத்த பதில்: "என் போன்ல ஸ்கேன் ஆகுதுங்களே!"

ஆகத்தான் செய்தது. எங்கள் போனிலும் ஆனது. கறுப்புக்குத் தனி சிலிண்டர் (அச்சு உருளை) போட்டால் செலவு என்று, டிசைனில் ஏற்கெனவே இருந்த மெரூன் நிறத்திலேயே கோடுகளையும் அடித்திருந்தார்கள். கண்ணுக்கு நன்றாகவே இருந்தது. ஆனால் கடை ஸ்கேனர்களில் பெரும்பாலானவை பார்ப்பது சிவப்பு வெளிச்சத்தில். சிவப்புக் கலந்த மை அந்த வெளிச்சத்தை விழுங்காமல் திருப்பி அனுப்பிவிடும். கோடு எது, வெள்ளை எது என்று கருவி திணறும். போன் கேமரா மற்ற நிறங்களையும் சேர்த்துப் பார்ப்பதால் சமாளித்துக்கொள்கிறது. இதை ஊறுகாய்க்காரர்கள் உங்களுக்குச் சொல்லவேண்டியிருக்கிறது பாருங்கள். அப்புறம் அந்த ஓரத்து வெற்றிடம். பதின்மூன்று இலக்கக் கோட்டுக்கு, முழு அளவில் அடித்தால், இடது பக்கம் 3.63 மி.மீ., வலது பக்கம் 2.31 மி.மீ. ஒன்றும் அச்சாகாமல் விட வேண்டும். எங்கள் பவுச்சில் அந்த இடத்துக்குள் ஒரு மாவிலை நீட்டிக்கொண்டிருந்தது. புரூஃபில் அந்த இலை இல்லை. எங்கிருந்து முளைத்தது என்று இதுவரை யாரும் சொல்லவில்லை.

திரும்பி வந்த சரக்கை என்ன செய்வது? ஸ்டிக்கர் ஒட்ட வேண்டியதுதான். சொல்வதற்கு ஒரு வார்த்தை. ஊறுகாய் பவுச் ஒருமுறை லாரியில் போய் வந்தால் மேலே எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருக்கும். ஒவ்வொன்றையும் துணியால் துடைத்து, உலரவிட்டு, பழைய கோடு துளியும் வெளியே தெரியாமல், புதுக்கோடு சுருங்காமல், சீலிங் ஓரத்தில் மடங்காமல் ஒட்ட வேண்டும். பிசுக்கு மிச்சம் இருந்தால் மறுநாள் காலையில் முனை எழும்பி நிற்கும், மறுபடி உரிக்க வேண்டும். இது நடந்தது வடு வரத்து இருந்த நேரத்தில். முதலமடையிலிருந்து வரும் வடுவை அன்றன்றைக்கே கழுவி உப்பில் போட்டாக வேண்டும், வாடவிட்டால் வீண். உப்புப் போட வேண்டிய பெண்கள் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ராத்திரி எட்டு மணிக்கு மேல் அவர்களை உட்காரவைக்கவும் முடியாது. கடைசி பஸ் போய்விடும். இதற்கிடையில் பவுச்சில் அடித்த காலாவதித் தேதி யாருக்காகவும் நிற்கவில்லை. எல்லாம் முடித்துக் கடைக்கு அனுப்பினால், அங்கே வந்த ஒரு சேச்சி பவுச்சைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பழைய சரக்கின் மேல் ஒட்டுப் போட்டு விற்கிறார்களா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாராம். அவரை எப்படிக் குறை சொல்வது? நாங்களும் அப்படித்தான் கேட்போம்.

இது கண்ணுக்குத் தெரிந்த நஷ்டம். தெரியாதது ஒன்று உண்டு. கோடு சில சமயம் படித்து, சில சமயம் படிக்காத பவுச்சுகளைக் கடைகள் எப்போதும் திருப்பி அனுப்புவதில்லை. பில் போடும் பெண் அவசரத்தில் அதே விலையுள்ள வேறு ஒரு பாக்கெட்டை ஸ்கேன் செய்து தள்ளிவிடுவாள். வரிசை நீளமாக நிற்கும்போது பதின்மூன்று இலக்கத்தையும் தட்டச் சொன்னால் யார் தட்டுவார்கள்? எங்கள் சரக்கு விற்றுப் போயிருக்கும், கடைக் கம்ப்யூட்டரிலோ அப்படியே இருப்பதாகக் காட்டும். ரேக் காலியாகக் கிடந்தாலும் மறு ஆர்டர் வராது. ஊறுகாய் ஓடவில்லை போல என்று நாங்கள் காரத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்துக்கொண்டிருப்போம்.

அதனால்தான் இந்த மடல். எங்கள் வேண்டுகோள் ஒன்றே ஒன்று: பவுச்சோ லேபிளோ பெட்டியோ, டெலிவரி கொடுக்கும்போது அதன் பார்கோட்டை வெரிஃபையரில், அதாவது அச்சுத் தரம் பார்க்கும் கருவியில், அளந்த ரிப்போர்ட்டையும் சேர்த்துக் கொடுங்கள்.

ஸ்கேனர் வேறு, வெரிஃபையர் வேறு என்பது உங்களுக்குத் தெரியும். ஸ்கேனர் படித்தேன், படிக்கவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்ளும். வெரிஃபையர் 660 நானோமீட்டர் சிவப்பு ஒளியில், ஐஎஸ்ஓ/ஐஇசி 15416 என்ற உலகத் தரவிதி சொல்லும் முறைப்படி, பத்து இடங்களில் குறுக்கே அளக்கும். கறுப்பு வெள்ளை வித்தியாசம், கோட்டின் ஓரம், மை விட்டுப்போன புள்ளிகள் என்று ஒவ்வொன்றையும் பார்த்து, தனித்தனியாக மார்க் போடும். ஒருமுறை குறுக்கே அளந்ததில் எந்த மார்க் மோசமோ அதுதான் அந்த முறைக்கான மதிப்பெண். பத்தின் சராசரிதான் கடைசி கிரேடு. எங்கள் மாதிரிப் பொட்டலங்களுக்கு பார்கோடு விதிகளை வகுக்கும் உலக அமைப்பான ஜிஎஸ்1 கேட்பது 1.5, அதாவது சி கிரேடு. நாங்கள் ஏ கேட்கவில்லை. பாஸ் மார்க்தான் கேட்கிறோம்.

கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரில் ஒரு எழுத்து மாறினால் கட்டு முழுவதையும் திரும்ப வாங்கி, மன்னிப்புக் கேட்டு, ராவோடு ராவாக மறுபடி அடித்துத் தருகிறீர்கள். நாள் முழுக்கப் பணம் வரவேண்டிய கோட்டுக்கு மட்டும், "அது கடைக்காரன் மெஷின் கோளாறுங்க" என்கிறீர்கள். மினிமம் குவான்டிட்டியில் ஒரு கிலோ குறைக்கமாட்டீர்கள், பாதிப் பணம் முன்னாலேயே வேண்டும், சொன்ன தேதிக்கு மேல் பத்து நாள் உங்களுக்கு உரிமை. சரி, அதையெல்லாம் பொறுத்துப் பழகிவிட்டோம். ஆனால் இனி வருவது கோடுகள் மட்டும் இல்லை. 2023 ஆகஸ்ட் 1 முதல் நம் நாட்டில் முன்னணி 300 மருந்து பிராண்டுகளில் பார்கோடோ க்யூஆர் கோடோ கட்டாயம். 2027 கடைசிக்குள் உலகம் முழுக்க பில் கவுண்டர்கள் க்யூஆர் மாதிரிச் சதுரக் கோடுகளையும் படிக்கத் தயாராக வேண்டும் என்று ஜிஎஸ்1 சொல்லிக்கொண்டிருக்கிறது. பார்கோட்டில் இருக்கும் முப்பது கோட்டை ஒழுங்காக அடிக்க மெரூன் போதும் என்றவர்கள் அந்தச் சின்னச் சின்னச் சதுரங்களை என்ன செய்யப்போகிறீர்களோ!

கோபத்தில் கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது. மன்னியுங்கள். வெரிஃபையர் வாங்கச் சில லட்சம் ஆகும் என்பது தெரியும். ஆளுக்கொன்று வாங்கச் சொல்லவில்லை. ஊருக்கு ஒன்றாகச் சங்கத்தில் சேர்ந்து வாங்கி வைத்தாலும் போதும். ஒரு ரோலுக்கு முதலிலும் நடுவிலும் கடைசியிலும் ஒவ்வொரு துண்டு வெட்டி அளந்து பார்த்தால் போதும். புரூஃபை அளக்க வேண்டாம், லேமினேஷன் முடிந்த பவுச்சை அளவெடுங்கள். அதற்குக் கூலி சேர்த்துப் போடுங்கள், கொடுக்கிறோம். எங்களுக்கு வந்த டெபிட் நோட்டில் பாதிகூட ஆகாது.

அடுத்த ஆர்டருக்கான ஆர்ட்வொர்க் தயாராக இருக்கிறது. விலை சொல்லும்போது இரண்டு தகவலும் சேர்த்து எழுதுங்கள்: கறுப்புக்குத் தனி சிலிண்டர் உண்டா, 1.5-க்குக் குறையாத கிரேடு ரிப்போர்ட் தருவீர்களா. இரண்டுக்கும் ஆம் என்பவருக்கு அட்வான்ஸ் அன்றைக்கே வரும். தயவுசெய்து மாவிலை வேண்டாம்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து ஊறுகாய்க்காரர் ஒருவர்