‘ஹிந்தி’ என்றதும் வழிவிட்டார்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வெளிநாட்டில் நம்மவர்களுக்கு ஆபத்து என்றால் உடனே படையை அனுப்ப வேண்டும், 1976-இல் கடத்தப்பட்ட விமானத்தில் இருந்த தன் மக்களை இஸ்ரேல் உகாண்டாவுக்கே போய் மீட்கவில்லையா என்று சென்ற வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார். கோபம் புரிகிறது. ஆனால் அப்படி மாட்டிக்கொண்டவர்களில் நானும் ஒருவன்.

1990 ஆகஸ்ட் 2-ஆம் தேதி ஈராக் படை குவைத்துக்குள் புகுந்தபோது நான் அங்கே ஏசி மெக்கானிக். பாஸ்போர்ட் கஃபீலிடம் (என் விசாவுக்குப் பொறுப்பான குவைத் முதலாளி), கஃபீல் சவூதிக்கு ஓடிவிட்டார். அந்தச் சமயம் நம் வெளியுறவு அமைச்சர் ஐ.கே. குஜ்ரால் பாக்தாத்துக்குப் போய் ஈராக் அதிபர் சதாம் உசேனைக் கட்டித் தழுவியதை இங்கே பலர் திட்டினார்களாம். எங்களுக்கோ அந்தச் சேதி கேட்டுத்தான் மூச்சு வந்தது. பஸ்ரா, பாக்தாத், அப்புறம் பாலைவனம் தாண்டி ஜோர்டான் என்று நாங்கள் போக வேண்டிய வழி முழுக்க சதாம் கையில்தானே இருந்தது! சோதனைச் சாவடியில் ‘ஹிந்தி’ (அரபியில் இந்தியன்) என்றால் போ என்று கை காட்டுவார்கள். படை திரட்டிய அமெரிக்கா, பிரிட்டன் நாட்டுக்காரர்களை ‘விருந்தாளிகள்’ என்று சொல்லிப் பிடித்துவைத்து, முக்கியமான இடங்களில் கேடயமாக நிறுத்தினார்கள். ஜோர்டான் தலைநகர் அம்மானிலிருந்து ஏர் இந்தியா சுமார் 1,70,000 பேரை ஊர் சேர்த்தது. அதில் ஒரு சீட்டு என்னுடையது.

உகாண்டாவில் பிணைக்கைதிகள் நூற்றுச் சொச்சம் பேர், ஒரே கட்டடத்தில். அப்படியும் மீட்பின்போது மூன்று பேர் செத்தார்கள். பிணைக்கைதிகளில் ஒருவரான, ஆஸ்பத்திரியில் இருந்த மூதாட்டியை உகாண்டா அதிபர் இடி அமீனின் ஆட்கள் பிறகு கொன்றார்கள். வளைகுடாவில் நம் ஆட்கள் லட்சக்கணக்கில் சிதறிக் கிடக்கிறார்கள்.

இன்னொன்று. 1971 டிசம்பரில், வங்கதேசப் போரின்போது, அமெரிக்காவின் எண்டர்பிரைஸ் போர்க்கப்பல் நம் வங்கக்கடலுக்குள் வந்ததற்கும் டாக்காவிலுள்ள தங்கள் மக்களை மீட்கத்தான் என்று காரணம் சொன்னார்கள். இங்கே யாராவது நம்பினோமா? நம்மை மிரட்ட வந்ததாகத்தானே நினைத்தோம். நாம் படை அனுப்பினாலும் அந்த நாட்டுக்காரர்கள் அப்படித்தானே நினைப்பார்கள்?

பேச்சு எப்போதும் பலிக்கும் என்று சொல்லமாட்டேன். 2014-இல் ஈராக்கில் ஐ.எஸ். தீவிரவாதிகள் பிடித்த திக்ரித் நகரத்திலிருந்து நம் நர்ஸுகள் 46 பேர் வந்து சேர்ந்தார்கள். அதே ஈராக்கின் மொசூலில் சிக்கிய நம் தொழிலாளிகள் 39 பேர் வரவில்லை; அவர்கள் கொல்லப்பட்டது 2018-இல்தான் உறுதியானது. எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே தெரியாதவர்களைத் தேடிப் படை எங்கே போய் இறங்கும்?

2025 ஜனவரியில் நெடுந்தீவு அருகே காரைக்கால் மீனவர்கள் மீது இலங்கைக் கடற்படை சுட்டபோது, “நம்ம நேவி எதுக்கு இருக்கு மாமா?” என்று என் மருமகனே கேட்டார். இலங்கையின் பொறுப்புத் தூதரை டெல்லி கூப்பிட்டுக் கண்டித்தது அவருக்குப் போதவில்லை. பதிலுக்கு நாமும் சுட்டால், அங்கே சிறையில் இருக்கிற பையன்களின் கதி என்ன என்று கேட்டேன். பேசாமல் இருந்துவிட்டார்.

அந்த வாசகர் கோபப்பட வேறு இடம் இருக்கிறது. போன வருஷம் வளைகுடாவில் வேலை செய்யும் என் தம்பி மகனுக்குச் சம்பளத் தகராறு. அங்குள்ள தூதரகத்துக்கு நான்கு நாள் போன் அடித்தான். ஐந்தாம் நாள்தான் எடுத்தார்கள், அதுவும் அவனுக்குத் தெரியாத இந்தியில். தமிழ் தெரிந்த ஒருவரையாவது போனில் உட்கார வைக்கச் சொல்லி எழுதுங்களேன், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

இப்படிக்கு,
குவைத்திலிருந்து திரும்பிய ஒரு வாசகர்,
பரங்கிப்பேட்டை, கடலூர் மாவட்டம்.