மாத்திரை கொடுத்தால் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

2,500 கிராமுக்கும் குறைந்த எடையில் குழந்தை பிறந்த பின் நாம் காட்டும் பதற்றத்தில் ஒரு பங்கையேனும், கிராமப்புறத் தாய் கருவுற்ற தொடக்க மாதங்களிலேயே காட்ட வேண்டும். குழந்தையின் எடை குறைய ஒரு காரணமாகும் ரத்தசோகைக்கான இரும்புச்சத்து மாத்திரை அவர் கைக்கு வந்து சேர்ந்தாலும், விழுங்கியதும் குமட்டுவதாலும், மலம் கறுத்துப்போவதைக் கண்டு அஞ்சியும் பலர் அதைப் பாதியில் நிறுத்திவிடுகின்றனர். மலம் கறுப்பது இயல்பே, குமட்டினால் இரவு உணவுக்குப் பின் எடுத்துக்கொள்ளலாம் என்று உடன் அமர்ந்து ஒருவர் விளக்கினாலே பெரும்பாலோர் தொடர்வார்கள் என்பது என் உறுதியான நம்பிக்கை.

கர்ப்ப காலத்தில் குறைந்தது 8 முறை பரிசோதனை தேவை என உலக சுகாதார நிறுவனம் 2016இல் பரிந்துரைத்தது. கூலி வேலை செய்யும் பெண்ணுக்கு ஒவ்வொரு பரிசோதனையும் ஒரு நாள் வருமான இழப்பு என்பதால், சுகாதாரப் பணியாளர்கள் அவர் இருப்பிடத்துக்கே சென்று எடையும் ரத்த அளவும் பார்ப்பதோடு, வீட்டில் கடைசியாக உண்பவராக அவர் இருக்கிறாரா என்பதையும் குடும்பத்தாரிடம் கேட்டறிய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்