அசட்டீக் குதிரைக்கு ஆப்பிள் கொடுக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் மேரிலாந்து, வர்ஜீனியா மாநிலங்களில் பரந்துள்ள அசட்டீக் தீவைப் பற்றித் தங்கள் கோடைப் பயணப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். கூடவே வந்த படத்தில் ஒரு சிறுமி காட்டுக்குதிரையிடம் ஆப்பிள் துண்டை நீட்டிக்கொண்டிருக்கிறாள். பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா வரும் பெற்றோர் பலரை வாஷிங்டன், பால்டிமோர் வட்டாரக் குடும்பங்கள் இந்தத் தீவுக்கு அழைத்துப் போகின்றன. படத்தைப் பார்த்தவர்கள் தாங்களும் அப்படிச் செய்யலாம் என்று நினைத்துவிடக் கூடாது.

அங்கே குதிரைக்குத் தீனி கொடுப்பதும் அதைத் தொடுவதும் குற்றம்; அபராதம் உண்டு. குறைந்தது 40 அடி, அதாவது ஒரு பேருந்தின் நீளம், தள்ளி நிற்க வேண்டும். நாம் நிற்கும் இடத்துக்குக் குதிரையே வந்தாலும் விலக வேண்டியது நாம்தான். அது கடிக்கும், உதைக்கும். மனிதர் கையில் தின்று பழகிய குதிரை அடுத்து கார்களைத் தேடிச் சாலைக்கு வருகிறது. வண்டியில் அடிபட்டுச் சாகிறது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, அதனால் ஒவ்வாத தீனி வயிற்றுக்குள் போனால் உயிருக்கே ஆபத்தாகலாம். 'சிப்' என்று அழைக்கப்பட்ட ஆண் குதிரை சாப்பாட்டுக்காக மனிதர்களிடம் மூர்க்கம் காட்டத் தொடங்கியதால், 2022இல் அதைத் தீவிலிருந்தே அகற்றி டெக்சாஸ் சரணாலயம் ஒன்றுக்கு அனுப்பினார்கள். பிறந்து வளர்ந்த கூட்டத்தை விட்டு அது பிரிய நேர்ந்தது நாம் ஊட்டிவிட்ட பழக்கத்தால்தான்.

வயிறு பெருத்திருப்பதைப் பார்த்து, 'பாவம், சினையாக இருக்கிறது' என்று இரங்கித் தீனி கொடுப்பவர்களும் உண்டு. உப்பங்கழிப் புல்லைத் தின்பதால் இவை சாதாரணக் குதிரையைப்போல் இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கின்றன. அந்த உப்பல்தான் அது.

கையால் கொடுக்காவிட்டாலும், முகாமிட்டுத் தங்கும்போது சாப்பாட்டை வெளியே வைத்தால் கொடுத்த மாதிரிதான். சாப்பாட்டைக் குளிர்ச்சியாக வைக்கும் கூலர் பெட்டியின் மூடியைக் குதிரை மூக்கால் நெம்பித் திறந்துவிடும். அதனால் கெட்டியான பெட்டியாக எடுத்துப் போய், பட்டை வாரால் இறுகக் கட்டி, சமைத்து முடித்ததும் கார் டிக்கியில் வைத்துப் பூட்டுங்கள். கூடாரத்துக்குள் முறுக்குப் பொட்டலமோ வாழைப்பழமோ இருக்கவே கூடாது, துணிச் சுவர் குதிரைக்கு ஒரு தடையே இல்லை. குப்பைப் பையையும் இரவில் வெளியே தொங்கவிடாதீர்கள்.

கட்டுரையில் இரண்டு பூங்காக்களை ஒன்றாகக் கருதும் இன்னொரு குழப்பமும் இருந்தது. தீவின் மேரிலாந்துப் பகுதியில் அடுத்தடுத்து இரண்டு பூங்காக்கள் உள்ளன. ஒன்று மாநில அரசின் அசட்டீக் மாநிலப் பூங்கா. மற்றொன்று மத்திய அரசின் தேசியக் கடற்கரை. இரண்டுக்கும் நுழைவுக் கட்டணம் வேறு, முன்பதிவு இணையதளமும் வேறு. தேசியப் பூங்காக்களுக்கான ஆண்டுச் சீட்டு மாநிலப் பூங்காவில் செல்லாது. மாநிலப் பூங்காவில் வெந்நீர்க் குளியலறை இருக்கிறது. குளிர்காலத்தில் முகாம் மூடியிருக்கும். தேசியக் கடற்கரை முகாம் ஆண்டு முழுவதும் திறந்திருக்கும், ஆனால் குளிக்கத் தண்ணீர் பச்சைத் தண்ணீர்தான். வயதானவர்களோ கைக்குழந்தையோ உடன் வந்தால் மாநிலப் பூங்காவே வசதி. அங்கே ஓராண்டுக்கு முன்பே பதிவு செய்யலாம், தேசியக் கடற்கரையில் ஆறு மாதம். கோடை வார இறுதிக்கு ஜூனில் தேடத் தொடங்கினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான்.

முதல்முறை போகிறவர்கள் அதிகம் தவறுவது கூடாரம் அடிப்பதில். கூடாரத்தோடு வரும் ஒரு சாண் முளைகள் மணலில் நிற்காது. பிற்பகல் கடற்காற்று தொடங்கியதும் ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு வரும். 18 அங்குலத்துக்குக் குறையாத மணல் முளைகள் வேண்டும். அவை கிடைக்காவிட்டால் துணிப்பை ஒன்றில் மணலை நிரப்பி, வாயைக் கட்டி, இழுகயிற்றை அதன் நடுவில் முடிந்து, ஒன்றரை அடிக் குழியில் படுக்கவைத்து மூடுங்கள். மேலே ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி மிதித்துவிட்டால் ஈரமணல் இறுகிக்கொள்ளும். பையை எதிர்த்து இழுப்பது அதன் மேல் கிடக்கும் மொத்த மணலும்தான். வெறும் முளைக்கு அந்தப் பிடிப்பு இல்லை. கம்பிகளைப் பூட்டுவதற்கு முன்பே நான்கு மூலையிலும் பாரம் வைத்துவிடுங்கள். நிழலுக்கு மரம் கிடையாது என்பதால் பந்தல் கொண்டுபோவார்கள். அதை விரித்தபடி விட்டுவிட்டுக் கடலுக்குப் போனால், திரும்பி வரும்போது பக்கத்து முகாமில் கிடக்கும். இடி இடித்தால் கூடாரத்தில் உட்காராமல் காருக்குள் போய்விடுங்கள்.

காற்று கடலிலிருந்து வீசிக்கொண்டிருக்கும்வரை கொசுத் தொல்லை குறைவு. மேற்கே உப்பங்கழிப் பக்கமிருந்து திரும்பி வீசினாலோ, அந்தியில் அடங்கினாலோ, கொசு மொய்க்கும். ஆகவே முடிந்தால் கடலோரத்து இடமாகப் பதிவு செய்யுங்கள். வெளிர்நிற முழுக்கைச் சட்டை போடுங்கள்; புல்லுக்குள் நடந்தால் ஒட்டும் உண்ணி அதில் பளிச்சென்று தெரியும். இரவு குழந்தைகளின் முழங்கால் மடிப்பையும் காதுக்குப் பின்புறத்தையும் பார்த்துவிட்டுத் தூங்கவையுங்கள்.

மணல்மேட்டில் ஏறாதீர்கள். அங்குள்ள புல்லின் வேர்தான் மேட்டைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. 1962 மார்ச் புயலுக்கு முன் இந்தத் தீவில் மனை பிரித்து, வீடு கட்டி, தார்ச்சாலையும் போட்டிருந்தார்கள். அலை பெரும்பாலானவற்றை அடித்துப்போனது. 1965இல் தேசியக் கடற்கரை அமைய வழிவிட்டது அந்தப் புயல்தான். அந்தச் சாலையின் உடைந்த தார்த் துண்டுகளை மணல்மேட்டு நடைபாதையோரம் இன்றும் பார்க்கலாம். குழந்தைகளுக்குக் காட்ட வேண்டிய இடம் அது.

தீ மூட்டினால் தணலை மணலால் மூடிவிடாதீர்கள். மணலுக்கடியில் அது பல மணி நேரம் கனன்றுகொண்டே இருக்கும். மேலே பார்த்தால் தெரியாது. வெறுங்காலோடு ஓடும் குழந்தை மிதித்துவிடும். தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடியும் ஊற்றி, புறங்கையை அருகே வைத்துச் சூடு தெரிகிறதா என்று பாருங்கள்.

தங்கள் இணையப் பதிப்பில் அந்த ஆப்பிள் படம் இன்னும் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு, காலை வெயிலில் குதிரைகள் அலையோரமாக வரிசையாக நடந்துபோவதைத் தொலைவிலிருந்து எடுத்த படம் ஒன்றைப் போடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், பால்டிமோர், மேரிலாந்து